நிலை முகவரியும் மாறும் முகவரியும்: நம் வீட்டு இணையத்தின் வரலாறு



இந்தக் கட்டுரைக்கு வித்திட்டது என் சொந்தத் தவறு ஒன்று. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 18-ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. கிள்ளானில் உள்ள எங்கள் வீடு ஒரே வாரத்தில் பள்ளிக்கூடமாகவும் அலுவலகமாகவும் மாறியது. வரவேற்பறையில் நான் என் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினேன். மாடியறையில் என் மகள் இடைநிலைப் பள்ளிப் பாடங்களைப் பயின்றாள். பயிற்சித் தாள்களை அச்சிட்டுத் தருவதற்காகப் பழைய அச்சுப்பொறி ஒன்றை வீட்டு இணையத்துடன் இணைத்தேன். கணினி அதை அடிக்கடி காணாமல் தவித்ததால், நண்பர் ஒருவர் சொற்படி அதற்கு 192.168.1.20 என்னும் நிலையான முகவரியை இட்டேன். சிக்கல் தீர்ந்தது என்று மகிழ்ந்தேன்.

சில நாள்களில் ஒரு புதுத் தொல்லை தொடங்கியது. காலையில் நான் தாள்களை அச்சிடத் தொடங்கும் வேளையில், மகளின் வகுப்பு மட்டும் அறுந்து போகும். என் வகுப்புக்கோ எந்தக் குறையும் இல்லை. மூன்றாம் முறை அவள் கீழே இறங்கி வந்து, “அப்பா, மறுபடியும் இணைப்புப் போய்விட்டது” என்றபோது நான் பொறுமை இழந்தேன். பாடத்திலிருந்து தப்பிக்கக் காரணம் தேடுகிறாள் என்று கடிந்துகொண்டேன். அவள் பதில் பேசாமல் மாடிக்குச் சென்றுவிட்டாள். அன்று அவளுக்கு வாய்மொழித் தேர்வு நடந்துகொண்டிருந்தது என்பது மாலையில்தான் எனக்குத் தெரிய வந்தது.

குற்றம் அவளுடையதன்று, நான் இட்ட அந்த முகவரியுடையது. அதை அறிந்துகொள்ள எனக்கு இரண்டு இரவுகள் ஆயின. அந்தத் தேடலில் நான் கற்ற வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முகவரி என்றால் என்ன?

நம் முன்னோர் இந்நாட்டில் இரு வகை முகவரிகளோடு வாழ்ந்தனர். ஒன்று கட்டைக் கணக்கு. சாலையோரத்து மைல் கல்லை அடையாளமாகக் கொண்டு “மூன்றாங்கட்டை”, “ஒன்பதாங்கட்டை” என்று இடங்களைக் குறித்தனர். ஷா ஆலாமில் உள்ள பத்து தீகா என்னும் பெயரும் அத்தகைய கல்லின் நினைவே. கல் நகராது, எனவே முகவரியும் மாறாது. இது நிலை முகவரி.

மற்றொன்று தோட்டத்து லயத்து வீடு. அந்த வீடு தொழிலாளியின் சொத்து அன்று. வேலை இருக்கும் வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். வேறு தோட்டத்திற்குப் பெயர்ந்தால் வேறு லயம், வேறு எண். இது மாறும் முகவரி.

அந்தத் தொழிலாளிக்குத் தமிழகத்திலிருந்து கடிதம் எப்படி வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கடித உறையில் அவருடைய பெயரும் தோட்டத்தின் பெயரும் கிள்ளான் என்ற ஊர்ப் பெயருமே இருக்கும். அஞ்சல் துறைக்குத் தெரிந்தது தோட்ட அலுவலகம் ஒன்றே. கடிதங்கள் அங்கே வந்து குவியும். கிராணியார் பெயரைப் பார்த்து, எந்த லயத்து எந்த ஆள் என்று அறிந்து உரியவரிடம் சேர்ப்பிப்பார். வெளியுலகிற்கு ஒரே முகவரி; உள்ளே நூற்றுக்கணக்கான குடும்பங்கள். கிராணியாரின் நினைவிலும் பேரேட்டிலும்தான் அந்தக் குடும்பங்களுக்கு முகவரி இருந்தது.

இந்த மூன்று படங்களையும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இணைய முகவரியின் வரலாறு முழுவதும் இவற்றுள் அடங்கும்.

429 கோடி எண்கள்

இணையத்தில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் வேண்டும். அதுவே ஐ.பி. முகவரி. இன்றும் பரவலாகப் பயன்படும் நான்காம் பதிப்பின் இலக்கணம் 1981 செப்டம்பரில் வெளியிடப்பட்டது. 1983 சனவரி முதல் நாள் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பு இந்த நெறிமுறைக்கு மாறியது. அம்முகவரி 32 இரும இலக்கங்களைக் கொண்டது. நாம் எளிதில் எழுதவும் படிக்கவும் அதனை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 0 முதல் 255 வரையிலான எண்ணாகக் குறிக்கிறோம்.

32 இலக்கங்களால் ஆக்கக்கூடிய முகவரிகள் மொத்தம் 4,294,967,296. அதாவது ஏறத்தாழ 429 கோடி. 1981-இல் உலக மக்கள்தொகையே ஏறத்தாழ 450 கோடி. ஆளுக்கொன்று என்று பங்கிட்டாலும் அன்றே போதாத எண்ணிக்கை அது! ஆயினும் யாரும் கவலை கொள்ளவில்லை. கணினி என்பது பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் அறை நிறைய அமர்ந்திருந்த காலம் அது. நெறிமுறையை வகுத்தவர்களுள் ஒருவரான விண்டன் செர்ஃப், தாம் ஒரு சோதனைக்குப் போதுமான அளவையே தேர்ந்தெடுத்ததாகப் பின்னாளில் கூறியிருக்கிறார். சோதனை முடியவே இல்லை, அதுவே உலகமாகிவிட்டது.

தொடக்கத்தில் இந்த எண்களைப் பகிர்ந்தளித்த பணி பெரும்பாலும் ஜான் போஸ்டல் என்ற ஒரு மனிதரின் பொறுப்பில் இருந்தது. கலிபோர்னியாவில் இருந்த அவர், யாருக்கு எந்த எண் என்ற பட்டியலைப் பல்லாண்டுகள் பேணி வந்தார். 1998 அக்டோபரில் அவர் மறைந்தார். ஒரு வகையில் அவர் உலகத்தின் கிராணியார்.

ஆனால் பங்கீடு சமமாக அமையவில்லை. முதலில் கேட்டவர்களுக்குப் பெருந்துண்டுகள் கிடைத்தன. முதல் வகுப்புத் துண்டு ஒன்றில் 16,777,216 முகவரிகள் இருந்தன. அத்தகைய துண்டு ஒன்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்திற்குக் கிடைத்தது. 1991 கணக்கெடுப்பின்படி மலேசிய மக்கள்தொகை ஏறத்தாழ 18 மில்லியன். ஒரு கல்வி நிறுவனத்தின் கையிருப்பும் ஒரு நாட்டின் மக்கள்தொகையும் ஏறக்குறைய ஒன்று! அந்நிறுவனம் தன் இருப்பில் ஒரு பகுதியை 2017-இல் விற்க முன்வந்தது. பந்தியில் முந்தியவர்களுக்கு இலை நிறையச் சோறு. பிந்தியவர்களுக்கு இலையே இல்லை என்ற நிலை இப்படித்தான் உருவானது.

மலேசியாவிற்கு இணையம் வந்த கதை

நம் நாடு பந்தியில் எங்கே அமர்ந்தது? 1985-இல் மீமோஸ் என்னும் நுண்மின்னணு ஆய்வுக் கழகம் தொடங்கப்பட்டது. 1987 ஜூன் மாதம் .மை என்னும் நாட்டுக் குறியீடு பதிவாயிற்று. நாட்டின் முதல் இணையச் சேவையான ஜாரிங் 1992-இல் மீமோஸின் கீழ் தோன்றியது. அதனை முன்னின்று வளர்த்தவர் முகமட் அவாங் லா. மலேசிய இணையத்தின் தந்தை என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம். ஆசிய பசிபிக் வட்டாரத்திற்கு எண்களைப் பகிர்ந்தளிக்கும் ஏப்நிக் அமைப்பு 1993-இல் டோக்கியோவில் தொடங்கி, 1998-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்கு இடம்பெயர்ந்தது. 1996-இல் டி.எம். நெட் தோன்றியது. இணையம் வீடுகளுக்குள் நுழைந்தது.

அந்நாளைய இணைப்பை அறிந்தவர்கள் மோடத்தின் கீச்சொலியை மறந்திருக்க மாட்டார்கள். ஜாரிங் என்றால் 1511, டி.எம். நெட் என்றால் 1515 என்று தொலைபேசியில் சுழற்றுவோம். இணைப்புக் கிடைத்தவுடன் மறுமுனையிலிருந்து ஒரு முகவரி நமக்கு ஒதுக்கப்படும். பேச்சு முடிந்து தொலைபேசியை வைத்தால் அந்த முகவரி வேறொருவருக்குப் போய்விடும். சந்தாதாரர் பல்லாயிரம் பேர் இருந்தாலும், ஒரே நேரத்தில் இணைந்திருப்பவர்களுக்குப் போதுமான முகவரிகள் இருந்தால் நிறுவனத்திற்குப் போதும். மாறும் முகவரியை மலேசிய வீடுகள் முதன்முதலில் சந்தித்தது இப்படித்தான்.

நிலை முகவரி என்பது சேவையை வழங்கும் கணினிகளுக்கே உரியதாக இருந்தது. டி.எம். நெட்டின் பெயர்வழங்கிகளான 202.188.0.133, 202.188.1.5 என்னும் இரண்டு எண்களையும் அக்காலத்தில் கணினி பழுதுபார்ப்பவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அவை ஊரறிந்த மைல்கற்கள். அவை மாறினால் ஊரே வழி தவறும்.

பெயர்வழங்கி என்ற ஏற்பாட்டை 1983-இல் வகுத்தவர் பால் மொக்காபெட்ரிஸ். நாம் பெயரைச் சொன்னால் அது எண்ணைத் தேடித் தரும். பிரிக்பீல்ட்ஸ் வாசிகளுக்கு இதை எளிதில் விளக்கலாம். செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற அந்த வட்டாரத்தின் பெருஞ்சாலை, முன்பு பிரிக்பீல்ட்ஸ் சாலை எனப்பட்டது. பின்னர் துன் சம்பந்தன் சாலை ஆயிற்று. பழைய பெயரைச் சொல்லிக் கேட்டாலும் முதியவர் ஒருவர் சரியான கடைவாசலைக் காட்டுவார். பெயரையும் இடத்தையும் இணைத்துப் பார்க்கும் அந்த முதியவரின் வேலையைத்தான் பெயர்வழங்கி செய்கிறது.

2001 ஆகஸ்டு மாதம் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் மண்ணைச் சேர்ந்தவர். தமிழ் எழுத்து கணினியில் எவ்வாறு அமைய வேண்டும் என்று அறிஞர்கள் ஆராய்ந்துகொண்டிருந்த அதே ஆண்டில் ஸ்திரிமிக்ஸ் அகண்ட அலைவரிசைச் சேவை அறிமுகமானது. இனித் தொலைபேசியைச் சுழற்ற வேண்டியதில்லை. மோடம் எந்நேரமும் இணைப்பில் இருந்தது. ஆயினும் வீட்டுச் சந்தாதாரரின் முகவரி மாறுவதாகவே நீடித்தது. மோடத்தை அணைத்து மீண்டும் முடுக்கினால் பெரும்பாலும் புதிய முகவரி வரும். நிலை முகவரி வேண்டுவோர் கூடுதல் கட்டணம் செலுத்தி வணிகச் சந்தா பெற வேண்டும். முகவரிக்கு விலை உண்டு என்பதை நாம் அப்போதுதான் உணர்ந்தோம்.

கிராணியார் வீட்டுக்குள் வந்தார்

முகவரிகள் தீர்ந்துவிடும் என்ற அச்சம் 1990-களின் தொடக்கத்திலேயே வல்லுநர்களைப் பற்றிக்கொண்டது. அதற்கு மூன்று மருந்துகள் கண்டறியப்பட்டன.

முதல் மருந்து, துண்டுகளைச் சிறிதாக்கிப் பங்கிடுவது. 1993-இல் பழைய வகுப்பு முறை கைவிடப்பட்டு, தேவைக்கேற்ற அளவில் முகவரிகளைப் பிரித்துத் தரும் முறை வந்தது.

இரண்டாவது மருந்து, குத்தகை முறை. ரால்ஃப் டிரோம்ஸ் முன்னின்று வகுத்த டி.எச்.சி.பி. நெறிமுறை 1993 அக்டோபரில் வெளிவந்தது. 1997-இல் திருத்தம் பெற்றது. இதற்கு முன்னோடியாக 1985-இல் பூட்பி என்னும் நெறிமுறை இருந்தது. ஆனால் அதில் எந்தக் கருவிக்கு எந்த முகவரி என்பதை நிர்வாகி ஒவ்வொன்றாக எழுதி வைக்க வேண்டும். டி.எச்.சி.பி. அந்தச் சுமையை நீக்கியது. அதன் உரையாடல் நான்கே வாக்கியங்கள் கொண்டது. புதிதாக வரும் கருவி, “எனக்கு முகவரி தருவார் உண்டா?” என்று எல்லாரும் கேட்க முழங்குகிறது. வழங்கி, “இந்த எண் இருக்கிறது, வேண்டுமா?” என்கிறது. “அதையே தருக” என்கிறது கருவி. “தந்தேன், இத்தனை மணி நேரம் உனக்கு உரியது” என்று வழங்கி உறுதி செய்கிறது. குத்தகையில் பாதிக் காலம் கழிந்தவுடன் கருவி புதுப்பிக்கக் கேட்கும். புதுப்பிக்காவிட்டால் தவணை முடிந்ததும் எண் மீண்டும் பொதுக் குவியலுக்குத் திரும்பும். நம் லயத்து வீட்டின் விதியே இங்கும் விதி.

மூன்றாவது மருந்துதான் மிகப் பெரியது. அது முகவரி பெயர்ப்பு முறை. 1994 மே மாதம் எகெவாங், பிரான்சிஸ் என்னும் இருவர் இதனை விளக்கி எழுதினர். 1996 பிப்ரவரியில், வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் எவரும் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று மூன்று தொகுதிகள் உறுதியாக ஒதுக்கப்பட்டன. 10 என்று தொடங்குபவை 16,777,216. 172.16 முதல் 172.31 வரை 1,048,576. 192.168 என்று தொடங்குபவை 65,536. இவற்றுள் 10 என்ற எண் முன்பு ஆர்ப்பாநெட்டுக்கே உரியதாக இருந்தது. 1990-இல் அந்த வலையமைப்பு ஓய்வு பெற்ற பின் அதன் எண் உலகப் பொதுச் சொத்தாயிற்று.

இந்த உள்முகவரிகள் வெளியே செல்லாது. உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் பக்கத்துத் தாமானிலும் 192.168.1.20 இருக்கலாம். வீட்டு வாசலில் அமர்ந்திருக்கும் திசைவி, அதாவது நாம் ரவுட்டர் என்று சொல்லும் பெட்டி, உள்ளிருந்து புறப்படும் ஒவ்வொரு செய்தியின் மீதும் வீட்டின் வெளிமுகவரியை ஒட்டி அனுப்பும். விடை வரும்போது தன் பேரேட்டைப் பார்த்து உரிய கருவியிடம் சேர்ப்பிக்கும். தோட்ட அலுவலகத்துக் கிராணியார் நம் வரவேற்பறைக்கே வந்து அமர்ந்துவிட்டார்! ஈராயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பிரிக்பீல்ட்ஸ் கடைவரிசைகளின் மாடிகளில் இயங்கிய இணைய மையங்களும் இந்த முறையால்தான் ஒரே இணைப்பை இருபது கணினிகளுக்குப் பகிர்ந்தளித்தன.

என் தவறு என்ன?

இனி என் கதைக்குத் திரும்புவோம். எங்கள் வீட்டுத் திசைவி 192.168.1.2 முதல் 192.168.1.254 வரை உள்ள எண்களைக் குத்தகைக்கு விடும்படி அமைக்கப்பட்டிருந்தது. நான் அச்சுப்பொறிக்கு எழுதிய 20 என்ற எண்ணும் அதே குவியலில் இருந்தது. அதனை நான் அச்சுப்பொறியிடம் மட்டுமே சொன்னேன்; கிராணியாரிடம் சொல்லவில்லை. இரவில் அச்சுப்பொறி அணைந்திருந்தது. 20-ஆம் எண் வீடு காலி என்று எண்ணிய திசைவி, அதை என் மகளின் மடிக்கணினிக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. காலையில் நான் அச்சுப்பொறியை முடுக்கினேன். ஒரே எண்ணில் இரண்டு வீடுகள். அவளுக்கு வர வேண்டிய கடிதங்கள் அச்சுப்பொறியின் வாசலில் போய் விழுந்தன. வகுப்பு அறுந்தது.

இத்தவறு உங்கள் வீட்டில் நேராதிருக்கச் சில நெறிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பெரும்பாலான கருவிகளுக்கு மாறும் முகவரியே ஏற்றது. கைப்பேசி, மடிக்கணினி, விருந்தினரின் கருவி ஆகியவை வரும், போகும். அவற்றைத் திசைவியின் பொறுப்பில் விட்டுவிடலாம்.

இரண்டாவது, பிற கருவிகள் தேடி வரவேண்டிய கருவிக்கே நிலை முகவரி தேவை. அச்சுப்பொறி, கண்காணிப்புக் கேமரா, கோப்புகளைச் சேமிக்கும் பொதுக் கணினி ஆகியவை அத்தகையவை.

மூன்றாவது, நிலை முகவரியைக் கருவியிலேயே எழுதுவதானால், முதலில் திசைவியின் குத்தகைக் குவியலைச் சுருக்குங்கள். 100 முதல் 199 வரை குத்தகைக்கு என்றும், 2 முதல் 99 வரை நிலை முகவரிக்கு என்றும் பிரித்துக்கொள்ளலாம். கருவியில் நான்கு விவரங்களை நிரப்ப வேண்டும்: முகவரி, வலைமறைப்பு, வீடுகளில் இது பெரும்பாலும் 255.255.255.0, நுழைவாயில், அதாவது திசைவியின் முகவரி, பெயர்வழங்கியின் முகவரி. இவற்றுள் கடைசி இரண்டில் பிழை நேர்ந்தால் அச்சுப்பொறி வேலை செய்யும், ஆனால் கணினிக்கு வெளியுலகம் தெரியாது.

நான்காவது, இதனினும் சிறந்த வழி ஒன்று உண்டு. கருவியை மாறும் முகவரியிலேயே விட்டுவிட்டு, இன்ன கருவிக்கு எப்போதும் இன்ன எண் என்று திசைவியில் பதிவு செய்துவிடலாம். ஒவ்வொரு கருவிக்கும் 48 இரும இலக்கங்கள் கொண்ட வன்பொருள் அடையாளம் ஒன்று உண்டு. திசைவி அதைக் கொண்டு ஆளை அறியும். கிராணியாரின் பேரேட்டிலேயே எழுதிவிட்ட பிறகு குழப்பத்திற்கு இடமில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: 2019-க்குப் பிறகு வந்த ஆண்டிராய்டு கைப்பேசிகளும் 2020-க்குப் பிந்தைய ஐபோன்களும் தனியுரிமைக்காக இந்த அடையாளத்தை மறைத்துப் புனைவான ஒன்றைக் காட்டக்கூடும். அவற்றுக்கு எண்ணை ஒதுக்க விரும்பினால், வீட்டு இணைப்புக்கு மட்டும் அந்த மறைப்பை நீக்க வேண்டும்.

ஐந்தாவது, கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், கருவி கேட்டும் யாரும் முகவரி தரவில்லை என்று பொருள். கருவி தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு நிற்கிறது. அப்போது கம்பியையும் திசைவியையும் பாருங்கள், பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

எண்கள் தீர்ந்த நாள்

2010 மார்ச்சில் யூனிஃபை என்னும் ஒளியிழைச் சேவை தொடங்கியது. முதலில் சேவை பெற்ற இடங்களுள் பங்சாரும் ஷா ஆலாமும் அடங்கும். வேகம் பெருகியது, கருவிகள் பெருகின. ஆனால் முகவரிகள் பெருகவில்லை. 2011 பிப்ரவரி 3-ஆம் நாள் உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் துண்டுகள் ஐந்து வட்டார அமைப்புகளுக்கும் பங்கிடப்பட்டன. வட்டாரங்களுள் முதலில் வறண்டது நம்முடையதே. அதே ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் ஏப்நிக் தன் இறுதித் துண்டைத் தொட்டது. அதன்பின் எந்த நிறுவனம் கேட்டாலும் அந்த இறுதித் துண்டிலிருந்து அதிகம் போனால் 1,024 முகவரிகளே என்று பங்கீட்டு விதி வந்தது.

அதன் விளைவு நம் வீட்டு வாசல் வரை வந்தது. 2012 ஏப்ரலில், சேவை நிறுவனங்கள் தமக்குள்ளே பகிர்ந்துகொள்வதற்கென 100.64 முதல் 100.127 வரையிலான நாற்பத்தொரு இலட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள் ஒதுக்கப்பட்டன. இன்று கைப்பேசி இணைப்புகள் பலவும் வீட்டு இணைப்புகள் சிலவும் இந்த வகையைச் சேர்ந்தவை. அதாவது வீட்டுக் கிராணியாருக்கு மேல் இன்னொரு பெரிய கிராணியார். பல வீடுகள் ஒரே வெளிமுகவரியின் பின்னால் நிற்கின்றன. அவற்றுள் ஒருவர் தவறு செய்து அந்த முகவரி எங்கேனும் தடை செய்யப்பட்டால், அறியாத மற்றவர்களும் வெளியே நிறுத்தப்படுவார்கள். வெளியூரிலிருந்து தம் வீட்டுக் கேமராவை நேராகத் தொட்டுப் பார்க்கவும் இயலாது. உங்கள் திசைவியின் வெளிப்புற முகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்கினால், நீங்களும் அந்தப் பெருலயத்தில்தான் குடியிருக்கிறீர்கள்.

இதற்குரிய நிலையான தீர்வு 1998 டிசம்பரிலேயே வரையறுக்கப்பட்டுவிட்டது. ஆறாம் பதிப்பு எனப்படும் அந்த முறையில் முகவரிக்கு 128 இரும இலக்கங்கள். எழுதினால் 39 இலக்கம் கொண்ட எண்ணிக்கை வரும். ஒவ்வொரு கருவிக்கும் சொந்த முகவரி தரலாம். இத்துறையில் நம் நாடு பின்தங்கவில்லை என்பது பெருமைக்குரியது. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் 2005-இல் தேசிய ஆறாம் பதிப்பு உயராய்வு மையம் நிறுவப்பட்டது. அதன் இயக்குநராகப் பணியாற்றியவர் பேராசிரியர் சுரேஸ்வரன் ராமதாஸ். 2012 ஜூன் 6-ஆம் நாள் உலகெங்கும் பெரிய இணையத்தளங்கள் இம்முறையை நிரந்தரமாக ஏற்றன. இன்று ஆறாம் பதிப்பின் பயன்பாட்டில் முன்னணியில் உள்ள நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. முதல் இணையச் சேவையாக விளங்கிய ஜாரிங்கோ 2015-இல் தன் பயணத்தை முடித்துக்கொண்டது.

நிறைவாக

கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்கள் பல இன்று தாமான்களாகிவிட்டன. லயங்கள் இருந்த இடங்களில் எண்ணிட்ட வீடுகள் நிற்கின்றன. என் பாட்டனாருக்கு வந்த பழைய கடித உறை ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் அவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் மட்டுமே உண்டு; வீட்டு எண் இல்லை. தம் பெயரில் தமக்கென ஒரு வாசல் எண் வேண்டும் என்பதற்காகவே வீட்டுத் தவணைக் கட்டணத்தை முதலில் எடுத்து வைத்த தலைமுறை எங்கள் தந்தையருடையது. முகவரி என்பது வெறும் எண் அன்று. ‘இவர் இங்கே இருக்கிறார், இவரை இங்கே தேடலாம்’ என்று உலகம் ஒப்புக்கொள்ளும் சான்று அது.

கிராணியார் இன்றி வாழ முடியாது என்பதும் உண்மை. ஆனால் அவருடைய பேரேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நாம் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். என் பாட்டனாருக்கு அந்த வாய்ப்பு இல்லை. நமக்கு இருக்கிறது. திசைவியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, எந்தக் கருவிக்கு எந்த எண் என்று பிள்ளைகளோடு அமர்ந்து ஒருமுறை பாருங்கள். கணிதம், வரலாறு, குடிமையியல் மூன்றும் அந்த ஒரு பக்கத்தில் இருக்கின்றன. அதைப் பார்த்தே என் மாணவர்களுக்கு இரும எண்களை விளக்கியிருக்கிறேன்.

காரணம் தெரிந்த அன்று இரவே மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுடைய ஆசிரியருக்கும் நடந்ததை விளக்கி எழுதினேன். வாய்மொழித் தேர்வுக்கு மறுவாய்ப்புக் கிடைத்தது. பிறகு இருவரும் அமர்ந்து திசைவியின் பேரேட்டில் அச்சுப்பொறியைப் பதிவு செய்தோம். எண்ணைத் தட்டச்சு செய்தவள் அவளே. “இனிமேல் என் எண்ணை யாருக்கும் கொடுக்க மாட்டீர்களே, அப்பா?” என்று சிரித்தாள்.

கொடுக்கவில்லை. இன்றுவரை 20-ஆம் எண் வீட்டில் அச்சுப்பொறி மட்டுமே குடியிருக்கிறது.